ஐந்து நிமிட நகைச்சுவைக்கு ஓராண்டுத் தடையா?

கேள்வி: மதுரையில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு மாணவர் குழு நடத்துகிறோம். 2025 மார்ச்சில் மேடை நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவின் நகைச்சுவைக்காக மும்பையில் ஓர் அரங்கத்தை அடித்து நொறுக்கினார்களே, அப்போது அவருக்காகக் கல்லூரி வாசலில் பதாகை பிடித்தோம். சென்ற மாதம் எங்கள் கல்லூரி விழாவில் ஒரு மாணவர், திக்கிப் பேசுபவர் நேர்முகத் தேர்வுக்குப் போவது போல ஐந்து நிமிடம் நடித்துக் காட்டினார். அரங்கமே சிரித்தது. எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஓராண்டுக்கு அவரை எந்த மேடையிலும் ஏற்றக்கூடாது என்று முதல்வரிடம் மனு கொடுத்தோம். “அன்றைக்குக் கருத்துச் சுதந்திரம், இன்றைக்குத் தடையா?” என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். “இருபது வயதில் போராட்டமும் ஒரு பொழுதுபோக்கு” என்கிறார் அப்பா. நாங்கள் இரட்டை வேடம் போடுகிறோமா, அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மனுவில் போட்டிருக்கிறீர்கள். கோபத்தில் போடவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததால்தான் எது எதுவென்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடிதத்தோடு மனுவின் நகலையும் வைத்திருந்தீர்கள். “மனத்தைப் புண்படுத்தும் வகையில்” என்ற தொடர் அதில் மூன்று இடங்களில் வருகிறது. 2021 ஜனவரி முதல் தேதி இந்தூரில் நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபரூக்கியைப் பிடித்துக் கொடுத்தவர்களின் புகாரிலும் சாரம் இதுதான்: மனம் புண்பட்டுவிட்டது. அன்றைய மேடையில் அவர் அப்படி ஏதாவது சொன்னாரா என்பதே தெளிவாகவில்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்து, பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். வந்த பிறகும் மிரட்டல்களால் நிகழ்ச்சிகள் வரிசையாக ரத்தாயின. உங்கள் முதல்வர் யாரையும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை, சரி. ஆனால் அவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் காரணம் அதே காரணம்தான்.

“கம்ரா கேலி செய்தது அதிகாரத்தில் இருப்பவரை, எங்கள் கல்லூரி மாணவர் கேலி செய்தது திக்கிப் பேசுபவரை. இரண்டும் ஒன்றா?” என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. வலியவனைப் பார்த்துச் சிரிக்கத் துணிவு வேண்டும். பேச்சு திக்குகிறவரைப் பார்த்துச் சிரிக்க எதுவும் வேண்டியதில்லை. அந்த மாணவரின் ஐந்து நிமிடம் எனக்கும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் வலியவர், யார் எளியவர் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் நீங்கள் உட்கார்த்தி வைத்திருப்பது கல்லூரி முதல்வரை. அடுத்த ஆண்டு விடுதி உணவைக் கிண்டல் செய்து யாராவது மேடையேறினால், சமையல்காரர்களின் மனம் புண்பட்டது என்று அவர் சொல்ல எவ்வளவு நேரமாகும்? நீங்கள் கொடுத்த மனுவையே முன்மாதிரியாக எடுத்துக் காட்டுவார்.

1987-இல் நானும் கல்லூரி மாணவி. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்பார். ஜேப்படித் திருடன் போலிருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போலிருப்பவர் மந்திரி என்று மற்றவர் அடையாளம் சொல்வார். சுமாரான ஜோக்தான். சட்டமன்றத்துக்கு ஆத்திரம் வந்து, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் அறிவித்தார். பெரும் எதிர்ப்புக் கிளம்பியது; சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஆசிரியர் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தார். அடையாள இழப்பீடாக அவருக்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாய். எங்கள் விடுதியில் அந்த அட்டை கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போயிற்று. பேசாமல் விட்டிருந்தால் அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருந்திருக்காது. உங்கள் கல்லூரியிலும் அந்த ஐந்து நிமிடக் காணொளியை இப்போது யார் யாரெல்லாம் தேடிப் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இனி உங்கள் அப்பா. வயதை வைத்து அடிப்பது பழைய பழக்கம். 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவான ஓர் இணைய ஆவணத்துக்காக, பெங்களூருவின் சூழலியல் ஆர்வலர் திஷா ரவியைக் கைது செய்தபோது, அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஒரு பக்கம் “சின்னப் பெண், விட்டுவிடுங்கள்” என்றார்கள். இன்னொரு பக்கம் அதே வயதில் பயங்கரவாதியானவர்களின் பெயர்களை அடுக்கினார்கள். இரண்டு கூட்டமும் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கவில்லை. டெல்லி நீதிபதி பார்த்தார். ஆதாரம் அற்பமாக இருக்கிறது, அரசுகளின் அடிபட்ட கர்வத்துக்கு மருந்திடத் தேசத்துரோகச் சட்டத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லி, பத்தாவது நாளில் ஜாமீன் கொடுத்தார்.

அப்பாவிடம் ஷ்ரேயா சிங்காலைப் பற்றியும் சொல்லுங்கள். 2012-இல் பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பையில் நடந்த கடையடைப்பைக் குறித்து ஃபேஸ்புக்கில் ஒரு பெண் எழுதினார், இன்னொரு பெண் அதற்கு விருப்பம் தெரிவித்தார். பால்கரில் இருவரையும் கைது செய்தார்கள். ஷ்ரேயாவுக்கு அவர்கள் தோழிகள் இல்லை, அந்தப் பதிவும் அவருடையதில்லை. இருபதைத் தாண்டியிருந்த அந்தப் பெண் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே சிறை என்ற அந்தப் பிரிவு 2015 மார்ச் 24 அன்று செத்தது. அவருடைய சொல்லுக்கு மதிப்பு வந்த வழியைக் கவனியுங்கள். தனக்குப் பிடித்த ஒருவருக்காக மட்டும் அவர் போகவில்லை. குணால் கம்ராவுக்காகப் பதாகை பிடிப்பது உங்களுக்கு எளிது. அவர் பேசுவது உங்களுக்குப் பிடிக்கும். பிடிக்காதவனுக்கு மேடை மறுக்கப்படும்போது என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கல்லூரியே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று அவர்கள் சொன்னால் கோபப்பட உங்களுக்கு இப்போதைக்கு உரிமையில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் ஒரு இந்திப் படத்தைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், உடற்குறையைப் புரியவைக்கும் நகைச்சுவைக்கும் உடற்குறை உள்ளவரை மட்டந்தட்டும் நகைச்சுவைக்கும் இருக்கும் வேறுபாட்டை விரிவாக எழுதியது. அதை எழுதியும் அந்தப் படத்தின் சான்றிதழில் கை வைக்கவில்லை. அந்தத் தீர்ப்பை உங்கள் குழு ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கலாம். தடை கேட்காமலே எவ்வளவு கடுமையாகக் கண்டிக்க முடியும் என்பது தெரியும்.

எனவே மனுவைத் திரும்பப் பெறுங்கள். சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். “தடை கேட்டது எங்கள் தவறு, அந்த நகைச்சுவை மட்டமானது என்ற கருத்தில் மாற்றமில்லை” என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு வாரம் சிரிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவரை நேரில் பார்த்து, எந்த வரி உங்களை உறுத்தியது என்று சொல்லுங்கள். அவர் எகத்தாளமாகப் பதில் சொன்னால், கைதட்டாமல் உட்கார்ந்திருக்கும் உரிமை அடுத்த விழாவிலும் உங்களுக்கு உண்டு. ஆனால் அவர் உங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் யாரையாவது பெயர் சொல்லியோ பின்தொடர்ந்தோ கேலி செய்தால் அது வேறு கதை. அது துன்புறுத்தல், அப்போது தாராளமாகப் புகார் கொடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதம் நான்கு பக்கம். உங்கள் துறையிலேயே திக்கிப் பேசும் இளைய மாணவர் ஒருவர் இருப்பதாக இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரால்தான் மனுவே போயிருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று நான்கு பக்கத்திலும் தேடினேன், இல்லை. நாளைக்குக் காலையில் போய்க் கேளுங்கள். நடுவில் குறுக்கிட்டு அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.