மெக்கா, விண்டோஸா? முதலில் அச்சகத்தில் கேளுங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிப்பை முடித்தவர். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர், பனர் என்று வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை தொடங்கப் போகிறார். கணினி வாங்க கத்தாரிலிருக்கும் அண்ணா காசு அனுப்புகிறார். கொழும்பில் வேலை செய்யும் தோழி "டிசைன் என்றால் மெக்தான்", அதாவது அப்பிள் கணினிதான், என்கிறாராம். வேலைகளை அச்சடிக்கக் கொடுக்க நினைத்திருக்கும் கல்முனை அச்சகத்திலோ எல்லாம் விண்டோஸும், கோரல்ட்ரோ என்ற வடிவமைப்பு மென்பொருளும். எதை வாங்குவது என்பது கேள்வி.

தங்கச்சி, உங்கள் இடத்தில் நானிருந்தால் விண்டோஸ்தான் வாங்குவேன். மெக் நல்ல கணினி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் செய்து முடித்த கோப்பு அடுத்து யாருடைய கணினியில் திறக்கப்படும் என்பதைப் பொறுத்துத்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும். உங்கள் கோப்பு கல்முனைக்குப் போகிறது.

தோழி சொல்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1984இல் மெக்கின்டொஷ் வந்தது. அடுத்த வருடம் அப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஓல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளும் வந்தன. ஒரு மேசையிலிருந்தபடியே ஒரு பக்கத்தைக் கட்டி முடிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உண்டானது. அடோபியின் வரையும் மென்பொருளான இலஸ்ட்ரேட்டர் 1987இல் முதலில் மெக்குக்குத்தான் வந்தது. போட்டோஷொப்பும் அப்படித்தான்: மெக்கில் 1990, விண்டோஸில் அதற்குச் சில வருடம் பிறகு. விளம்பர நிறுவனங்கள் மெக்கில் ஊறிப்போனது அந்த வருடங்களில்தான். இன்றைக்கு அடோபியின் முக்கியமான மென்பொருள்கள் இரண்டிலும் ஒரே மாதிரி ஓடுகின்றன. கோரல்ட்ரோதான் விதிவிலக்கு. இடையில் பல வருடம் மெக்கில் இல்லாமலிருந்து 2019இல் திரும்பி வந்தது. அதற்குள் நம் பக்கத்து அச்சகங்கள் விண்டோஸோடு ஒட்டிவிட்டன.

இனி உங்கள் தோழிக்கு வராத, உங்களுக்குக் கட்டாயம் வரப்போகிற சிக்கலுக்கு வருகிறேன். அது தமிழ் எழுத்து.

நம் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான் ஓடுகிறது. பாமினியில் "அம்மா" என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. அந்தக் குறிகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அம்மா போய் அந்த ஐந்து குறிகள் மட்டும் நிற்கும். எழுத்துருவே இல்லாவிட்டால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது, அதே பெயரில் வேறொரு பதிப்பு அங்கே இருக்கும்போதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நினைவு மலரைப் பாமினியில் செய்து, கோப்பை அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்தேன். அவர்களிடம் இருந்த பாமினி வேறு பதிப்பு. பக்கம் முழுவதும் ஒழுங்காகத் தெரிந்ததால் அங்கேயும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. "ஸ்ரீ" வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கட்டம். இறந்தவரின் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. மறுநாள்தான் 31ஆம் நாள் நினைவு. இரவு முழுக்க முந்நூறு அட்டையிலும் சிறிய ஸ்டிக்கர் ஒட்டினோம். காலையில் அந்த வீட்டு மகன் அட்டையைத் தடவிப் பார்த்த விதம் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அன்றிலிருந்து எழுத்தை உருவமாக மாற்றாமல் ஒரு கோப்பும் என் கையை விட்டுப் போவதில்லை.

மாற்றுவது சுலபம். கோரல்ட்ரோவில் எழுத்தைத் தெரிவு செய்து கொன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் அது கோடுகளாக மாறிவிடும். இலஸ்ட்ரேட்டரில் அதற்கு கிரியேட் அவுட்லைன்ஸ். அதற்குப் பிறகு எழுத்துரு தேவையே இல்லை, எந்தக் கணினியில் திறந்தாலும் உருவம் மாறாது. ஆனால் மாற்றிய பின் எழுத்துப் பிழை திருத்த முடியாது. ஆகவே மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டே மாற்றுங்கள். நினைவு மலர் போல் பக்கம் கூடிய வேலை என்றால் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎப் கொடுப்பது நல்லது.

பாமினி மெக்கிலும் ஏறும். ஆனால் சில பழைய எழுத்துருக்களில் சில எழுத்துகளை ஓல்ட் (Alt) விசையை அழுத்திக்கொண்டு எண் தட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வழி மெக்கில் இல்லை. பழகிய டைப்பிஸ்டிடம் வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவர் விரல் முதல் நாளே தடுமாறும்.

அதற்காகக் காலமெல்லாம் பாமினியோடு இருக்கச் சொல்லவில்லை. நீங்கள் இளையவர், எந்தக் கணினியிலும் தமிழ் எழுத்துகளுக்கு ஒரே குறியீடு வைத்திருக்கும் யுனிகோடில் தொடங்குங்கள். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யுனிகோட்தான், அதைத் திரும்பத் தட்டத் தேவையில்லை. யுனிகோடில் "கெ" என்ற எழுத்து, முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. பழைய மென்பொருள்களுக்கு அது தெரியாது, கொம்பு பின்னால் தொங்கும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனின் இப்போதைய பதிப்பில், பந்திக்கான பட்டியலில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற எழுத்து அடுக்கும் தெரிவைப் போட்டால் சரியாக வந்துவிடும். இலஸ்ட்ரேட்டரில் எழுத்து அமைப்புகளுக்குள் போய் இந்திய மொழிகளுக்கான தெரிவைத் திறந்து, பந்திக்குத் தெற்காசிய கொம்போசரைக் கொடுங்கள். மெக்கிலும் விண்டோஸிலும் இதே அமைப்புகள்தான். "மெக்கில் தமிழ் உடைகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் போட்டாரா என்று கேளுங்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்கும்வரை இன்க்ஸ்கேப் போதும். இலவசம், தமிழும் அதில் ஒழுங்காக வரும்.

இனிக் காசை எதில் போடுவது? முதலில் ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பாவிக்கும் தற்காலிக நினைவகம். பத்தடிக்கு நாலடி பனர் ஒன்றை அங்குலத்துக்கு 100 புள்ளி என்று வைத்தால் 12,000க்கு 4,800 புள்ளி. நாலு வண்ண அச்சு முறையில் ஒரு முழு லேயர் மட்டும் சுமார் 230 மெகாபைட். கோபுரம் ஒரு லேயர், சுவாமி படம் ஒரு லேயர், பின்னணி ஒரு லேயர் என்று அடுக்கினால் 8 ஜிபி மூச்சு வாங்கும். 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். கூட்டிக்கொள்ள இடமுள்ள மேசைக் கணினி என்றால் பிறகு 32 ஆக்கலாம். இப்போதைய மெக்கில் ரேம் கூட்டவே முடியாது. 2024 கடைசியில்தான் அப்பிள் குறைந்த மாதிரிகளுக்கும் 16 ஜிபி கொடுக்கத் தொடங்கியது. ஆகவே பாவித்த எம்1 சிப் மெக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் 8 ஜிபியா என்று பாருங்கள். 8 என்றால் விட்டுவிடுங்கள். இன்டெல் சிப் உள்ள பழைய மெக்கும் வேண்டாம். டஹோதான் அவற்றுக்குக் கிடைக்கும் கடைசி இயங்குதளம் என்று அப்பிளே 2025இல் சொல்லிவிட்டது.

பாவித்த விண்டோஸ் கணினியிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல்லும் அதற்கு முந்தியவையும் அநேகமாக விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதி பெறாதவை. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அடுத்தது திரை. மெக்புக்கின் திரை நல்லது, உண்மை. அதே தரத்தை விண்டோஸோடு நீங்கள் தனியாக வாங்க வேண்டும்: ஐபிஎஸ் வகை (சரித்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது), எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவின் நிறங்களை முழுமையாகக் காட்டுவது. மலிவான லப்டொப் திரையில் தலையைக் கொஞ்சம் சரித்தாலே மஞ்சள் வெளிறும், குங்குமச் சிவப்பு கறுக்கும். இருந்தாலும் எந்தத் திரையும் மறைத்துவிடும் ஒன்று இருக்கிறது. பனருக்கு நீலம் போடும்போது சயன் என்ற இளநீல மை, மஜென்டா என்ற செவ்வூதா மை இரண்டையும் நூறு வீதம் என்று வைத்தால் திரையில் நல்ல நீலம், அச்சில் கத்தரிப்பூ நிறம். மஜென்டாவை எழுபதுக்குக் கீழே இறக்குங்கள். நீலப் பனர் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரிடம் கத்தரிப்பூவைக் கொண்டுபோய் நிற்க முடியாது.

மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் வாங்கவே வேண்டாம். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அப்படி இல்லையென்றாலும், ஒரு மழைக்கு ஒருமுறை வெட்டிவிட்டுப் போனால் பாதி செய்த மலர் போய்விடும். பவர் சப்ளை எரிந்தால் மட்டக்களப்பு டவுனில் அன்றைக்கே மாற்றிவிடுவேன். என்னிடம் இருந்த மெக்கின் மதர்போர்ட் பழுதானபோது அதை இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அது திரும்பி வரும்வரை கைவேலை எல்லாம் கிடப்பில் கிடந்தது. திருவிழாக் காலத்தில் அதற்கு நேரமில்லை.

மெக் வாங்கச் சொல்லும் இடமும் உண்டு. நீங்கள் வீடியோ எடிட்டிங்கில் இறங்குவதாகவோ, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு லோகோவும் சமூக ஊடகப் படங்களும் செய்வதாகவோ, அல்லது கொழும்பில் விளம்பர நிறுவன வேலைக்குப் போவதாகவோ எழுதியிருந்தால், 16 ஜிபி மெக்புக் எயார் வாங்குங்கள் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். கரண்ட் போனாலும் பல மணி நேரம் ஓடும், சத்தம் வராது. அந்த வேலைகள் எதுவும் கல்முனை அச்சகத்தின் கோரல்ட்ரோ வழியாகப் போவதில்லை.

அண்ணாவுக்குக் காசு எவ்வளவு என்று சொல்லும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கூட்டாளி யாருடைய கணினியிலாவது ஒரு பக்க நோட்டீஸ் செய்யுங்கள், "ஸ்ரீ", "கௌ", "நூ" எல்லாம் வருகிற மாதிரி. அதையே எழுத்தை உருவமாக மாற்றிய கோப்பாக ஒன்று, பிடிஎப்பாக ஒன்று, மாற்றாமல் ஒன்று என்று பென்டிரைவில் போட்டு அந்த அச்சகத்துக்குக் கொண்டுபோங்கள். அவர்களிடம் கோரல்ட்ரோவின் எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது, சேமிக்கும்போதே அவர்களுடைய பதிப்பைத் தெரிவு செய்ய வேண்டும். மூன்றையும் உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லி, எது ஒழுங்காக நிற்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.