புரை எடுத்த கண்ணில் எல்லாம் நீலமாகத் தெரிகிறதா?

வணக்கம். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து 5 நாள் ஆகிறது, அந்தக் கண்ணில் எல்லாம் நீலம் பூசியதுபோல் தெரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, பேப்பரும் படிக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

நீலத்துக்குப் பயப்படாதீர்கள். வயதாக ஆக நம் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுத்துவிடும். அதை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைத்ததும், இத்தனை வருடம் வராத நீலம் மொத்தமாக உள்ளே வருகிறது. என் அம்மா கண்களை மாற்றி மாற்றி மூடி, கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்து, "பழைய கண்ணுக்கு டீயில முக்கின மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் அடுப்படி மேடையின் அழுக்குக்கு எங்களைத் திட்டினார்! சில வாரத்தில் பழகிவிடும்.

உறுத்தல், வெட்டு ஆறுவதாலும் கண் வறட்சியாலும் வருவது. நாளாக நாளாகக் குறைய வேண்டும். கசக்க விடாதீர்கள். சொட்டு மருந்தை, நன்றாகத் தெரிகிறதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது.

பேப்பர் விஷயம் சரி, சாதாரண லென்ஸ் தூரப் பார்வைக்குத்தான். படிக்கக் கண்ணாடி வேண்டும். கண் நிலைப்பட ஒரு மாதம்போல ஆகும், அதற்குள் கடையில் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

ஆனால் வலியோ சிவப்போ கூடினால், பார்வை மங்கினால், கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தால், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருந்தால் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிப்போங்கள், ராத்திரியானாலும்.