இமயத்துக்கு எஸ் உண்டா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஹிமாலயா' சரியா, 'ஹிமாலயாஸ்' சரியா? மகள் கட்டுரையில் ஒருமையாக எழுதியதை டீச்சர் சிவப்பு மையால் அடித்து எஸ் சேர்த்திருக்கிறார். மலையே இல்லாத சீமையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேனே என்று சிரிக்காதீர்கள்.
— ஒரு வாசகர், ஆற்றங்கரை, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பரீட்சைக்கு டீச்சர் சொன்னதே சரி. பாடநூல்களும் செய்தித்தாள்களும் எஸ் போட்டுத்தான் எழுதுகின்றன. அதற்காக மகள் எழுதியது தப்பாகிவிடாது. மலையேறிகளும் நிலவியலாளர்களும் இன்றைக்கும் 'தி ஹிமாலயா' என்று ஒருமையில் எழுதுவதுண்டு. ஆல்ப்ஸ், ஆண்டிஸ், ராக்கீஸ் என்று மலைத்தொடருக்கெல்லாம் பன்மை சொல்லிப் பழகிய வாய் இமயத்துக்கும் ஒன்றை ஒட்டிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் காரகோரத்துக்கும் இந்துகுஷுக்கும் அந்த யோகம் இல்லை. ஆக, இதை விதி என்று சொல்லிச் சண்டைக்குப் போக முடியாது. மகள் கவனிக்க வேண்டியது முன்னால் வரும் 'தி'யைத்தான். தொடருக்கு அது வேண்டும், தனிச் சிகரத்துக்கு வேண்டாம்: 'தி ஹிமாலயாஸ்', ஆனால் வெறும் 'மவுன்ட் எவரெஸ்ட்'.

வடமொழியில் ஹிமம் பனி, ஆலயம் இருப்பிடம். மேற்கே நங்க பர்வதத்தில் தொடங்கிக் கிழக்கே நம்சா பர்வா வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும் பெயரில் இருப்பது ஒரே ஆலயம்தான். ராமேஸ்வரம் கோயிலுக்கு மூன்று பிராகாரம் இருக்கிறதே, அதை 'ஆலயாஸ்' என்று எழுதலாமா என்று மட்டும் டீச்சரிடம் போய்க் கேட்டு வைக்காதீர்கள்.

சரி, கேள்வி முடிந்தது. 'மலையே இல்லாத சீமை' என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு வடக்கே கந்தமாதன பர்வதம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் ராமர் பாதம் என்று சொன்னால் போதும். தீவிலேயே உயரமான இடம் அது. அசல் மணல்மேடு, மேலே ஒரு மண்டபம். ஏறினால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். ஆனால் பெயரைப் பாருங்கள்! மகாபாரதத்தில் கந்தமாதனம் இமயத்துப் பக்கத்து மலை. திரௌபதி கேட்ட பூவைத் தேடிப் பீமன் போனதும், வாலை நீட்டிப் படுத்திருந்த அனுமனிடம் மூக்குடைபட்டதும் அங்கேதான். அந்தப் பெயரை எடுத்து மணல்மேட்டுக்கு வைத்ததோடு நிற்காமல், பின்னால் 'பர்வதம்' என்றும் சேர்த்துக்கொண்டார்கள் நம் ஆட்கள். துணிச்சல்காரர்கள்.

இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் பரங்கிமலையையே மவுன்ட் என்றான். அங்கே போகிற பாதையை மவுன்ட் ரோடு ஆக்கினான். எவரெஸ்டுக்கும் மவுன்ட், பரங்கிமலைக்கும் மவுன்ட் என்றால் எங்கள் பர்வதம் மட்டும் இளைத்ததா? 'மவுன்ட் கந்தமாதனா' என்று பலகை வைக்கலாம். அடிவாரத்து டீக்கடையை 'பேஸ் கேம்ப்' என்று அறிவிக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குலை நுங்கு. ஏறி இறங்கியவருக்குக் கையோடு சான்றிதழ், வெயிலில் ஏறியிருந்தால் பதக்கம். எஸ் மட்டும் கேட்கக் கூடாது, இருப்பது ஒரே மேடு.

எனக்கு இமயத்தைவிட எரிச்சல் தருவது 'வெஸ்டர்ன் காட்ஸ்'. காட் என்றால் படித்துறை. அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வரும் காசிக்காரரைக் கேளுங்கள், சொல்வார். மராத்தியர்கள் மலைக் கணவாய்க்கும் அந்தச் சொல்லையே வைத்திருந்தார்கள். போர் காட், தால் காட் என்று கேள்விப்பட்ட ஐரோப்பியர்கள், வாசற்படியின் பெயரை வீட்டுக்கே சூட்டினமாதிரி, மலை முழுவதையும் காட்ஸ் ஆக்கிவிட்டார்கள். பாலக்காட்டின் 'காடு' கூட அவர்கள் எழுத்தில் 'பால்காட்' என்றுதான் வந்தது. அங்கே ஒரு கணவாயும் இருந்து தொலைத்ததால், அதுவும் இந்தக் காட் குடும்பம்தான் என்று நம்புகிற படித்தவர்கள் இன்றும் உண்டு. 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று நாம் வைத்தது எவ்வளவோ மேல். கிழக்கேதான் சறுக்கிவிட்டது. மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கூறுபோட்ட பிறகு அங்கே ஏது தொடர்ச்சி?

அந்த மேற்கு மலைதான் ஆனி, ஆடி மழையைக் கேரளத்துப் பக்கமே நிறுத்திக்கொண்டு, நம்மை ஐப்பசி மேகத்துக்காக அண்ணாந்து பார்க்க வைக்கிறது. அதன் வருசநாட்டுப் பகுதியில் பிறக்கிற வைகைதான், வழியில் எல்லாரும் குடித்தது போக மிச்சம் இருந்தால், ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் அப்புறம் உங்கள் ஊர்க் கடலுக்கும் வந்து சேர்கிறது. ஊர்ப் பெயரே ஆற்றங்கரை. நீங்களா மலைக்குச் சம்பந்தமில்லாதவர்?

இன்னொரு பழைய வழக்கும் பாக்கி இருக்கிறது. 'ஆசேது ஹிமாசலம்' என்பார்கள் முன்னோர்கள். சேது முதல் இமயம் வரை, அதாவது தேசத்தை அளந்த நூலின் ஒரு நுனி நம் கரையில் இருந்தது. இந்தச் சீமையை ஆண்டவர்களுக்குப் பட்டமே சேதுபதி. இப்போது மேடைக்கு மேடை 'குமரி முதல் இமயம் வரை' என்றுதான் முழங்குகிறார்கள். சங்கப் பாட்டிலேயே வடக்கே பனிமலையும் தெற்கே குமரியும் எல்லையாக வருகிறதே என்று ஒரு தமிழாசிரியர் எனக்கு நிச்சயம் கார்டு போடுவார். வரட்டும். குமரிக்காரருக்கு மலையும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. நமக்கு இருந்தது அந்த ஒரு வாசகம்.

இமயத்தின் பெயரைச் செலவழிப்பதிலும் ஒரு கணக்கு வேண்டாமா? 1919இல் ரவுலட் சத்தியாகிரகத்தின்போது, மக்களைப் பக்குவப்படுத்தாமல் சட்டமறுப்புக்கு அழைத்துவிட்டேன் என்று காந்தி வருந்தி, அதை 'இமாலயத் தப்புக்கணக்கு' என்றார். அந்த மனிதர் அந்தச் சொல்லைச் சொன்னதில் ஒரு கனம் இருந்தது. இப்போது இமாலய வெற்றி, இமாலய ஊழல், இமாலயத் தள்ளுபடி. எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்காரர் போன இதழில் 170 ரன்னை 'இமாலய இலக்கு' என்று எழுதியிருந்தார். 170-க்கு இமயம் எதற்கு, கந்தமாதனம் போதாதா என்று கேட்டேன். "அதையே எட்ட முடியாமத்தானே சார் தோத்தாங்க" என்கிறார்.