தொட்டதுக்கெல்லாம் அடிக்கும் மணி

கேள்வி: மின்ட் பக்கத்தில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். நாற்பது சர்வர்களை சாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் கண்காணிக்கிறோம். சிபியு பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டினால் போனுக்கு மெசேஜ் வரும். அது 81, 79, 82 என்று ஆடிக்கொண்டே இருப்பதால் ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறது. அளவை 95 ஆக்கிவிடலாமா அண்ணா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 95 ஆக்கினால் 94, 96 என்று ஆடும், அவ்வளவுதான் தம்பி.

எங்கள் ராயபுரம் வீட்டில் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற ஆட்டோமேட்டிக் மோட்டார் உண்டு. தண்ணீர் அடியில் இறங்கினால் ஓடும், நிரம்பினால் நிற்கும். ஒருமுறை எலெக்ட்ரீஷியன் இரண்டு சென்சாரையும் கிட்டக்கிட்டக் கட்டிவிட்டுப் போய்விட்டார். கீழே யாராவது கை கழுவினால்கூட மோட்டார் ஓடும், உடனே நிற்கும். ஒரே வாரத்தில் காயில் கருகியது. எப்போது மணி அடிக்க வேண்டும் என்று சொல்லும் விதியான உங்கள் ட்ரிகரும் அப்படித்தான்: ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே கோடு.

இப்போது கடைசி மதிப்பை மட்டும் பார்க்கும் 'லாஸ்ட்' ஃபங்ஷன் இருக்கும். அதை எடுத்துவிட்டு 'மின்' போட்டு 10 நிமிடம் கொடுங்கள். பத்து நிமிடத்தில் பதிவான மிகக் குறைந்த அளவே 80-ஐத் தாண்டினால்தான் மணி அடிக்கும். அப்புறம் அதே பக்கத்தில், பிரச்சினை எப்போது தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்று எழுதும் 'ரெக்கவரி எக்ஸ்பிரஷன்' இருக்கிறது, பதிப்பு 3.2-லிருந்தே உண்டு, பலர் தொடுவதே இல்லை. அங்கே 'மேக்ஸ்', 5 நிமிடம், 65-க்குக் கீழே என்று எழுதுங்கள். ஒருமுறை மணி அடித்துவிட்டால் 65-க்குக் கீழே இறங்கி நிலைக்கும்வரை அது ஒரே பிரச்சினைதான். நடுவில் எவ்வளவு ஆடினாலும் புது மெசேஜ் கிடையாது.

நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று படுத்தால் அதன் பின்னால் இருக்கும் சர்வர் எல்லாம் சேர்ந்து கத்துமே, அதற்கு, ஸ்விட்ச் படுத்திருக்கும்போது சர்வர் மணிகளை அடக்கிவைக்கும் 'டிபெண்டென்சி' போட்டுவிடுங்கள்.

சரி, சிபியு ஏறினால் நீங்கள் எழுந்து என்ன செய்வீர்கள்? 2 மணிக்கு பேக்கப் ஓடினால் ஏறத்தான் செய்யும். நம் துறைமுகத்தில் புயல் கூண்டு 1 முதல் 11 வரை இருக்கிறது. 1-க்கும் 10-க்கும் யாரும் ஒரே ஓட்டம் ஓடுவதில்லை. சாபிக்ஸிலும் எச்சரிக்கைக்கு ஆறு தரம் உண்டு. ராத்திரியில் 'ஹை', 'டிசாஸ்டர்' இரண்டு மட்டும் போனுக்கு வரும்படி உங்கள் 'மீடியா' அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

நானும் ஒரு காலத்தில் இந்தத் தொல்லை தாங்காமல் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கியவன்தான். அன்றைக்கென்று பார்த்து டேட்டாபேஸ் டிஸ்க் நிறைந்து, காலை வரை பில் எதுவும் பதிவாகவில்லை. 80 சதவீத எச்சரிக்கை ஒரு மாதமாக வந்துகொண்டிருந்ததுதான் வேடிக்கை. 2,000 ஜிபி டிஸ்க்கில் 80 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி காலி. 20 ஜிபி-யில் வெறும் 4. அதனால் டிஸ்க்குக்கு சதவீதத்தை விட்டுவிட்டு 'டைம்லெஃப்ட்' ஃபங்ஷனை வையுங்கள். இதே வேகத்தில் போனால் எப்போது நிறையும் என்று அது கணக்குப் போடும். கணக்கு நொடியில், ஒரு நாளுக்கு முன்னால் எழுப்ப வேண்டுமென்றால் 86400.