கடலோர நீரில் உள்ள விலங்கு மிதவை உயிரிகள் எல்லாமே வடிகட்டித்தான் சாப்பிடுகின்றனவா?

இல்லை. வடிகட்டுபவை உண்டு, ஆனால் எல்லோரும் முதலில் நினைக்கிற கோபிபாட் (இறாலுக்கு உறவான குட்டி ஓட்டுயிரி) அந்தக் கூட்டத்தில் சேராது. அதன் வாயருகே உள்ள தூவி மாதிரிக் கால்களைப் பார்த்துவிட்டு நானும் சல்லடை என்றுதான் நம்பியிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் உயிருக்குத் தண்ணீர் நமக்கு இருப்பது போல இருக்காது, பாகு போலப் பிசுபிசுக்கும். தேனுக்குள் சீப்பை விட்டு இழுத்தால் தேன் பற்களின் நடுவே புகாமல் சீப்போடு சேர்ந்தே நகரும் அல்லவா, அதே கதைதான். 1980களின் தொடக்கத்தில் அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது: கால்களை அசைத்து ஒரு நீரோட்டத்தை உண்டாக்குகிறது, அதில் ஒரு பாசி வருவது தெரிந்ததும் கால்களைச் சட்டென்று விரித்து, அந்தத் துளித் தண்ணீரோடு சேர்த்து அள்ளி மூடுகிறது. ருசி பிடிக்காவிட்டால் தள்ளியும் விடும்.

ஒய்த்தோனா என்கிற சின்னக் கோபிபாட் இதுகூடச் செய்யாது. அசையாமல் தொங்கிக்கொண்டு இருக்கும், பக்கத்தில் ஏதாவது நீந்தினால் அந்த அதிர்வை உணர்கொம்பில் உணர்ந்து பாயும். அதனால் டயாட்டம் என்கிற நகராத ஒரு செல் பாசி அதன் கண்ணியில் பெரும்பாலும் விழாது. அகார்ட்டியா என்கிற இன்னொரு கோபிபாட்டுக்கு இரண்டு வழியும் தெரியும், கிடைக்கிற இரையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்.

உண்மையான வடிகட்டிகள் என்றால் எனக்கு ஒய்கோபிளூரா என்கிற, தலைப்பிரட்டை மாதிரி வாலுள்ள குட்டி உயிர் மேல் தனிப் பிரியம். தன் உடலைச் சுற்றிச் சளியாலேயே ஒரு வீடு கட்டி, உள்ளே வாலை ஆட்டித் தண்ணீரை இழுத்து, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகளைக்கூடப் பிடித்துவிடும். வலை அடைத்துக்கொண்டால் வீட்டையே கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைக் கட்டும், ஒரே நாளில் பல தடவை. எறிந்த வீடுகள் ஒட்டிய உணவோடு மெல்ல அடியில் இறங்கும். சால்ப்புகள் என்கிற பீப்பாய் வடிவ, கண்ணாடி மாதிரி உடலுள்ள உயிர்களும் சளி வலைக்காரர்கள்தான்.

சரி, அதிகம் மேய்வது யார்? இவர்கள் யாருமே இல்லை, ஒரு செல் உயிரிகள்! நுண்மயிர்களை அசைத்து நீந்தும் சிலியேட்டுகளும், சாட்டை போன்ற இழைகளால் நீந்தி பாசி தின்னும் டைனோபிளாஜெல்லேட்டுகளும் சேர்ந்து, கடலோர நீரில் ஒரு நாளில் தாவர மிதவை உயிரிகள் உற்பத்தி செய்வதில் சராசரியாக 60 சதவீதம் அளவுக்குத் தின்றுவிடுகின்றன. இதில் புரோட்டோபெரிடினியம் என்கிற டைனோபிளாஜெல்லேட் செய்வதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, தன்னைவிடப் பெரிய டயாட்டம் சங்கிலியின் மேல் மெல்லிய போர்வை ஒன்றை விரித்து, உடலுக்கு வெளியிலேயே செரித்து உறிஞ்சும்.

அப்புறம், நீங்கள் கடல்நீர் மாதிரி எடுப்பவராக இருந்தால் 200 மைக்ரான் கண் அளவுள்ள வலையை மட்டும் நம்பாதீர்கள். சிலியேட்டுகள் அதன் கண்களில் நழுவிப் போகும், ஒய்கோபிளூராவின் வீடு நைந்துவிடும், கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கோபிபாட்தான். கூடவே ஒரு புட்டியில் வடிகட்டாத தண்ணீரை எடுத்து, உயிரிகளைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசல் சேர்த்து, ஒரு நாள் அசையாமல் படியவிட்டு அடியில் தங்கியதையும் பாருங்கள்.