மேலாளரை விடுங்கள், ராஜினாமாவைப் பாருங்கள்

கேள்வி: தனியார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாக டீம் லீடாக இருக்கிறேன். புதிய மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் 'உதவாக்கரை' என்கிறார். வாட்ஸ்அப் குழுவிலும் கேலி செய்கிறார். தூக்கம் கெட்டு மனநல மருத்துவரிடம் போகிறேன். 'நீயே எழுதிக் கொடு, இல்லாவிட்டால் டெர்மினேட் செய்வோம்' என்று எச்.ஆர். மிரட்டியதால், சொந்தக் காரணம் என்று குறிப்பிட்டு ராஜினாமா மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நோட்டீஸ் காலம் முடிய 19 நாள் இருக்கிறது. மேலாளர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது கடைசிக்கு முந்தைய வரிதான். 19 நாள் இருக்கிறது. அதாவது ராஜினாமா இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

மேலாளர் மீது போலீஸுக்குப் போவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 352-க்கு வெறும் அவமதிப்பு போதாது. பொது அமைதியைக் குலைக்கத் தூண்டும் நோக்கமும் வேண்டும். மேலதிகாரி திட்டுவது மட்டும் இதற்கு இணையான பழைய பிரிவு 504-இல் வராது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் தொல்லையோ சாதி இழிவோ இருந்தால் கதையே வேறு. அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. நீங்கள் எழுதியதில் அது இல்லை.

வருங்காலத் தேதியிட்ட ராஜினாமாவை, அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பது 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் வந்த கொள்கை. அது நீதிபதி ஒருவரின் ராஜினாமா பற்றியது. தனியார் வேலையில் நியமனக் கடிதத்தின் ஷரத்து குறுக்கே வரலாம். முதலில் அதைப் படியுங்கள். தடையில்லை என்றால், 'இன்ன தேதியில், இன்னார் முன்னிலையில், டெர்மினேட் செய்வோம் என்று சொல்லி வாங்கியது; திரும்பப் பெறுகிறேன்' என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். புலம்பல் வேண்டாம். 19 நாள் கழித்து இதையே சொன்னால், கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில். எதிர்த்தரப்பு காட்டப்போவது நீங்கள் எழுதிய 'சொந்தக் காரணம்' என்ற சொற்களைத்தான்.

பலரும் விழும் குழிகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. விடைபெறும் மின்னஞ்சலில் 'இங்கே நிறையக் கற்றுக்கொண்டேன், நன்றி' என்று எழுதுகிறார்கள். அது எதிராளியின் ஆவணமாகிவிடுகிறது. எக்ஸிட் படிவத்தில் 'மேற்படிப்பு' என்று டிக் அடிக்கிறார்கள். இறுதிக் கணக்குத் தொகை வாங்கும்போது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது, ஆதாரம் சேர்ப்பதாக நினைத்து வாடிக்கையாளர் கோப்புகளைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது. அந்த நிமிடமே நீங்கள் புகார்தாரர் அல்ல, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர். சம்பளச் சீட்டு, மதிப்பீட்டுக் கடிதம், மருத்துவச் சீட்டு, உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகள், இவை போதும். போனை மாற்றாதீர்கள், மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழைக் கொடுக்கும்போது மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

திரும்பப் பெறுவது மீண்டும் அங்கே உட்காருவதற்காக அல்ல. டீம் லீடு என்ற உங்கள் பதவி தொழிலாளர் சட்டம் சொல்லும் 'தொழிலாளர்' வரையறைக்குள் வருமா என்பதே சண்டைக்குரியது. வராவிட்டால், தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை நீதிமன்றம் கட்டாயமாக நிறைவேற்ற வைக்காது, அதாவது உங்களை மீண்டும் வேலையில் வைக்கச் சொல்லாது. வழக்கில் வென்றாலும் பெரும்பாலும் நோட்டீஸ் கால ஊதிய அளவுக்குத்தான் இழப்பீடு. அதற்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததும் எச்.ஆர். பேச வருவார்கள். சமரசத்துக்குப் போங்கள்: சில மாத ஊதியம், விடுப்புப் பணம், கிராஜுவிட்டி, குறையில்லாத ரிலீவிங் கடிதம். கிராஜுவிட்டியைப் பேரத்தில் சலுகைபோல் காட்டுவார்கள்; ஏழு ஆண்டு முடித்த உங்களுக்கு அது எப்படியும் வரவேண்டியது. அதைக் கணக்கில் சேர்க்காமல் மேலே எவ்வளவு என்று கேளுங்கள். பணம் வங்கிக்கு வந்த பிறகே கையெழுத்து.