“அதனால்” என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி (சுருக்கப்பட்டது):

அன்புள்ள அக்காவுக்கு,

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குப் பதினொரு வருடங்களாகச் செயலாளராக இருக்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் உதைபந்தாட்ட அணிக்கு உயிராக இருந்த அண்ணை சென்ற வருடம் காலமானார். மூலை உதை என்றால் அவருடைய தலை எங்கே நிற்கிறது என்றுதான் ஊர் பார்க்கும். அவர் தலையால் அடித்த கோல்களை முதியவர்கள் இன்றும் எண்ணிச் சொல்வார்கள். 1995 யுத்த இடப்பெயர்வில் எல்லோரும் வீட்டுச் சாமான்களைக் காவிக்கொண்டு போக, அவர் கழகத்தின் வெற்றிக் கிண்ணத்தைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவகச்சேரி போனவர். பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவந்தார். கடைசி நான்கு வருடங்கள் அவருக்கு ஆட்களை மட்டுக்கட்ட முடியாமல் போய்விட்டது. என்னையே யார் என்று கேட்டார். அதனால் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

ஆண்டுத் திவசத்தை ஒட்டி, மின்னொளியில் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி நடத்தத் தீர்மானித்துள்ளோம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பிவிட்டார்கள். அவருடைய மனைவியின் கையால் கிண்ணம் வழங்க வேண்டும் என்று ஏழு பேர் அழைப்பிதழோடு வீட்டுக்குப் போனோம். “அவருடைய பெயரை ஒன்றிலும் போடவேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணை ஊரின் சொத்து, பெயரைப் போட்டே நடத்துவோம் என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். அவருடைய மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

தம்பி,

கிண்ணத்தைச் சாக்கில் சுற்றியது, சைக்கிளில் கட்டியது, பத்திரமாகத் திரும்பி வந்தது எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரின் கடைசி நான்கு வருடங்களுக்கு உங்களிடம் இருந்தவை மூன்று சிறு வாக்கியங்கள். அதில் மூன்றாவது “அதனால்” என்று தொடங்குகிறது. நான் அந்தச் சொல்லைத் தாண்டி வர முடியாமல் நிற்கிறேன்.

என்னையே யார் என்று கேட்டார், அதனால் போவதைக் குறைத்துக்கொண்டோம். எதனால்? அவர் உங்களை அவமதித்தாரா? “என்னையே” என்ற சொல்லில் உங்கள் மனத்தாங்கல் அப்படியே இருக்கிறது. நோய் தின்ற ஒரு மூளையிடம் மரியாதையை எதிர்பார்த்து, அது கிடைக்கவில்லை என்று படலையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். மறந்தவர் அவர்தான். அவருடைய மனைவிக்கு ஒன்றும் மறக்கவில்லை. நீங்கள் வராத ஒவ்வொரு பின்னேரமும் அவர் முழு நினைவோடு அந்த வீட்டில் இருந்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது. உங்களுக்கு அவர் சொன்ன பதில் அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இந்த நோய் உள்ள வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். கடைசி மூன்று வருடங்கள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே போகப் பார்ப்பார். அம்மா படலைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படுப்பாள். வீட்டுக்கு வந்து போனவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அப்பாவோடு படிப்பித்த ஓர் ஆசிரியர் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் நான்கு மணிக்கு வருவார். “தம்பிக்கு எந்த ஊர்?” என்று அப்பா ஒவ்வொரு வியாழனும் கேட்பார். அவரும் ஒவ்வொரு வியாழனும் புதிதாகச் சொல்வதுபோல ஊரைச் சொல்வார். பிறகு ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் வாங்கி, சவர்க்காரம் நுரைக்கப் பூசி, அப்பாவின் முகத்தை மெல்ல மழித்துவிடுவார். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அம்மா கிணற்றடிக்குப் போய் ஆறுதலாகத் தலைக்கு முழுகிவிட்டு வருவாள். அப்பாவின் செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. யார் யார் வந்தார்கள் என்று அம்மாவுக்கு நினைவில்லை. அந்தியேட்டியன்று அந்த ஆசிரியருடைய இலைக்கு மட்டும் தானே எழுந்து வந்து சோறு போட்டாள்.

ஊரின் சொத்து என்கிறார்கள் உங்கள் இளைஞர்கள். மைதானமும் உங்கள் சொத்துத்தான். அதற்குப் புல் வெட்டுகிறீர்கள், வேலி அடைக்கிறீர்கள், மின்விளக்குக்குப் பணம் கட்டுகிறீர்கள். அந்த மனிதரைக் கட்டிலில் புரட்டும்போது மறுபக்கம் பிடித்தது யார்? கோல் அடித்தபோது தோளில் தூக்கிய ஊர், நடக்க முடியாதபோதும் தூக்கியிருக்க வேண்டும். கழகம் என்பதை நான் ஒரு குடும்பமாகத்தான் பார்க்கிறேன். எடுத்ததும் கொடுத்ததும் எழுதிவைத்துத் தீர்க்கும் கடையாகப் பார்க்கவில்லை. ஆகவே நேராகச் சொல்கிறேன்: அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் பதாகையில் அண்ணையின் பெயரைப் போடுவது தவறு. இளைஞர்கள் கோபித்தாலும் தவறு, வெளிநாட்டுப் பணம் வந்துவிட்டாலும் தவறு. செயலாளர் நீங்கள்தான். நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அவர் தலையால் அடித்த கோல்களைப் பற்றி. இங்கிலாந்தில் வெஸ்ட் ப்ரொம்விச் அல்பியன் கழகத்துக்காக 174 கோல்கள் அடித்தவர் ஜெஃப் ஆஸ்டில். 1968 எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. தலையால் அடிப்பதில் பெயரெடுத்தவர். 2002 ஜனவரியில், 59 வயதில், நினைவெல்லாம் தேய்ந்து இறந்தார். அந்த வருடமே மரண விசாரணை அதிகாரி அவருடைய மரணத்தைத் தொழில்சார் நோய் என்று தீர்ப்பளித்தார். வருடக்கணக்காகக் கனத்த தோல் பந்தைத் தலையால் அடித்ததே காரணம் என்று கண்டார். தீர்ப்புக்குப் பிறகும், பந்தைத் தலையால் அடிப்பதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஏன் ஒழுங்காக ஆராயவில்லை என்று மனைவியும் மகள்மாரும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2014இல் அந்தக் கழகத்தின் ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அவர் அணிந்தது 9ஆம் இலக்கம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்பதாவது நிமிடம் வந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது, அவருக்கு நீதி வேண்டும் என்று. 2015 ஏப்ரலில் அவர் நினைவாக ஒரு நாளை ஒதுக்கியபோது, வீரர்கள் 1968 இறுதி ஆட்டத்துச் சீருடையை ஒத்த உடையில் இறங்கினார்கள்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? அந்த ரசிகர்கள் குடும்பம் கேட்ட கேள்வியைத் தாங்களும் சேர்ந்து கேட்டார்கள். குடும்பத்தின் பக்கத்தில் நின்றுதான் தங்கள் வீரரை நினைத்தார்கள். நீங்கள் குடும்பத்தை உங்கள் மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மூளை தேயும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடையே ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. உங்கள் அண்ணைக்கு நோய் பந்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் வைத்தியர் அல்ல. ஆனால் அந்தத் தலையைக் கழுவித் துடைத்துச் சீவிவிட்ட பெண்ணுக்கு, ஊர் அந்தத் தலையைப் புகழ்ந்து ஒலிபெருக்கியில் கத்துவதைக் கேட்க எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் அடிக்கப் பழக்கவேண்டாம் என்று உதைபந்தாட்டச் சங்கங்கள் அறிவித்திருக்கின்றன. உங்கள் மைதானத்தில் பின்னேரம் பழகும் சின்னப் பிள்ளைகளை வரிசையில் விட்டு, பந்தை எறிந்து எறிந்து தலையால் அடிக்கச் சொல்கிறீர்கள் என்றால், அதை நாளைக்கே நிறுத்துங்கள். இதற்குப் பொதுக்கூட்டமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கு உண்மையை எழுதுங்கள்: அண்ணை கிடந்தபோது நாங்கள் போகவில்லை, மனைவி பெயரைத் தர மறுத்துவிட்டார், சுற்றுப்போட்டி நடக்காது. அவரோடு விளையாடிய வேறு யாராவது இன்றைக்கும் உங்கள் ஊரில் ஒரு திண்ணையில் கிடக்கக்கூடும். இருந்தால் அவர்களுடைய மருந்துக்கும், வைத்தியசாலைக்குப் போய்வரும் ஓட்டோவுக்கும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு மேடையில் கடித உறை கொடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதைத் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது. சம்மதிக்க வைக்கும் வேலையை விடுங்கள். ஏழு பேராகப் போனது ஒரு தவறு, அழைப்பிதழை அச்சடித்துக்கொண்டு போனது இன்னொன்று. வருகிற ஞாயிறு காலை உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். கையில் கோப்பு வேண்டாம், கழகத்தின் பெயரால் எதுவும் வேண்டாம். “நாங்கள் வராமல் விட்டது பிழை” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். வேலை இருந்தது, எங்களைத் தெரியவில்லை, பார்க்க மனம் தாங்கவில்லை என்று ஒரு காரணமும் பின்னால் வரக்கூடாது. அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். கதவைத் திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போங்கள்.

உள்ளே கூப்பிட்டால், அண்ணை கடைசி நாட்களில் என்னவெல்லாம் கதைத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடையில் பேசவேண்டாம். தொடங்காவிட்டாலும் பரவாயில்லை. திவசத்துக்கு எத்தனை வாழையிலை தேவைப்படும் என்று உங்கள் மனைவி குசினிப் பக்கம் போய்க் கேட்டு வரட்டும். முதல் நாள் பின்னேரம் நீங்களே வெட்டிக் கட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள்.